கத்தரிக்காய் கோபித்துக்கொண்டு போன காம்பவுண்டு

முதலில் போனது கத்தரிக்காய். அது போன அன்று நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மதுரையில் சந்துக்குள் சந்தாகப் போய் ஒரு முட்டுச்சுவரில் முடிகிற எங்கள் காம்பவுண்டில், ஒரே வாசலையும் ஒரே குழாயையும் ஒரே முற்றத்தையும் வைத்துக்கொண்டு இத்தனை குடும்பங்கள் புழங்குகிற இடத்தில், தினமும் யாராவது கோபித்துக்கொண்டு போவதும் யாராவது பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வருவதும் குழாயில் தண்ணீர் வருவதைப் போல, வராமல் போவதைப் போல, பழகிப்போன காரியம்தான்.

மரகதத்தின் மகள் பூவிழிக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. தயிர்ச்சோறு மட்டும் தின்பாள். அதில் ஒரு கடுகு தப்பிக் கிடந்தால்கூட அதை நாக்கு நுனிக்கு ஒதுக்கி, விரலால் எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் மறுவாய் வாங்குவாள். அப்பா வீரணன் பரோட்டா மாஸ்டர். ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு கடையிலேயே எதையாவது தின்றுவிட்டு வந்து படுப்பவர், பகலெல்லாம் தூங்குபவர், மாவு பிசைந்த கை தூக்கத்திலும் எதையோ வீசிக்கொண்டிருக்கும். ஆகவே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மரகதத்தின் வேலை. ஒரு கையில் கிண்ணமும் இடுப்பில் பிள்ளையுமாக முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். காக்காயைக் காட்டுவாள், பூனையைக் காட்டுவாள், மாடியில் காயும் சேலையைக் காட்டுவாள், பூச்சாண்டி என்று பாக்கியத்தக்காவின் புருசனைக் காட்டுவாள், அவரும் பாவம் கூப்பிட்டபோதெல்லாம் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போவார். கிண்ணத்தில் மிஞ்சியதை மரகதம் என்ன செய்தாள் என்று யாரும் கவனித்ததில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் கத்தரிக்காயில் ஒரு துண்டை எடுத்துத் தயிர்ச்சோற்றுக்கு நடுவில் ஒளித்து, உருண்டையாகப் பிடித்து, மேலே இன்னொரு பூச்சுத் தயிர் பூசி, "வெள்ளை ஆனை வருது, ஆ காட்டு" என்றாள். பூவிழி ஆ காட்டினாள். வாயை மூடினாள். கண்ணையும் மூடினாள். பிறகு அந்தத் துண்டை மட்டும் நாக்கால் வெளியே தள்ளி, தரையில் விழுந்த அதையே உற்றுப் பார்த்து, "சீ, போ" என்றாள்.

அது போனது. புரண்டு எழுந்து, மேலே ஒட்டியிருந்த சோற்றைக் குழாயடித் தண்ணீரில் கழுவிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே மரகதத்தின் சட்டியிலிருந்த மற்ற துண்டுகளும், பக்கத்து வீட்டுக் கூடையிலிருந்த முழுக்காய்களும், எதிர்வீட்டு முறத்தில் நறுக்கித் தண்ணீரில் போட்டிருந்தவையும், காம்பு மேலாக, ஒன்றன் பின் ஒன்றாக, கல்யாண வீட்டில் இலை போட்டு உட்காரவைத்து எழுப்பிவிடப்பட்ட சொந்தக்காரர்களைப் போல யார் முகத்தையும் பார்க்காமல் போயின. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஜொகராக்கா அவை போக வழிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்.

பாக்கியத்தக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருந்ததும்ல எந்திரிச்சுப் போகுது! வெறும் குழம்பை வச்சு நான் என்ன பண்றது?"

"அப்பளம் பொரிச்சுக்கங்கக்கா. காம்பு குத்திராம ஒதுங்கி நில்லுங்க" என்றார் ஜொகராக்கா.

வாசலுக்கு வெளியே, டிரான்ஸ்பார்மருக்கு அடியில், சாக்கடை மூடியின் மேல் கத்தரிக்காய்கள் போய் உட்கார்ந்தன. ஊரைவிட்டே போகவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில்தான் நிற்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால் நாங்களும் பதறவில்லை. சந்தையிலிருந்து புதுக் கத்தரிக்காய் வாங்கி வந்தவர்கள் கையில் அது வாசல்வரை பேசாமல் வரும். படியில் கால் வைத்ததும் பையை உதைத்துக் கீழே குதித்துப் போய் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். வாசலுக்கு வெளியே வைத்துச் சமைத்தால் சமையும், நின்றுகொண்டே தின்றால் தின்னலாம். அப்படியும் சிலர் தின்றோம்.

பிறகு முருங்கைக்காய் போனது, நட்டுக்குத்தலாக, குச்சி ஊன்றி நடப்பதைப் போல. பீன்ஸ் போனது. கேரட் போனது. முட்டை போன அன்று ஜொகராக்காவின் கோழிகள் ஒன்றும் புரியாமல் வாசலுக்கும் கூட்டுக்குமாக நடந்து நடந்து, கடைசியில் டிரான்ஸ்பார்மர் அடியிலேயே போய் முட்டையிடக் கற்றுக்கொண்டன. கருவாடு போனபோது காம்பவுண்டுப் பூனைகளும் கூடவே கிளம்பிவிட்டன. பூவிழி ஒவ்வொன்றுக்கும் சொன்னது அந்த ஒரே சொல்தான்; கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள், தூக்கத்தில் கொசுவை விரட்டுகிற மாதிரி சொல்வாள். மரகதத்தால் அதற்காகக் காட்டாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் பிள்ளையின் கை முருங்கைக்காயைவிடச் சற்றுத்தான் தடிமனாக இருந்தது, நகத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது, ஆஸ்பத்திரியில் "எல்லாத்தையும் குடுத்துப் பழக்குங்க" என்று எழுதாத சீட்டாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் அவள் நாளைக்கு ஒன்றாகக் காட்டினாள், நாளைக்கு ஒன்றாகப் போனது.

காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். பாக்கியத்தக்காவின் பேரன்கள் பூவிழிக்கு ஒரு ரப்பர் வளையலும் பாதி பலூனும் கொடுத்து, பாகற்காயைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேராக ஆட்டி, "இதைச் சொல்லு, இதைச் சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறார்கள். சொல்லிவிட்டாள். பாகற்காய் போன வழியில் முற்றத்துச் சிமெண்டில் கோடு விழுந்துவிட்டது, இன்றைக்கும் மழை பெய்தால் அந்தக் கோட்டில் நிற்கிற தண்ணீர் கசக்கிறது என்று சொல்கிறார்கள். நாங்கள் குடித்துப் பார்த்ததில்லை.

இப்படியே பழகிவிட்டிருப்போம். எதற்குத்தான் பழகவில்லை? ஆனால் பாக்கியத்தக்காவின் கடைசி மகளுக்குக் கல்யாணமாகி, புது மாப்பிள்ளை முதல்தடவை விருந்துக்கு வந்து உட்கார்ந்தபோது, இலையில் சோறும் தயிரும் அப்பளமும் உப்பும் மட்டும் இருந்தன. மாப்பிள்ளை உப்பைப் பார்த்தார், அப்பளத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். கை நனைக்காமல், அதாவது ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல், எழுந்து செருப்பைப் போட்டார். வெளியே டிரான்ஸ்பார்மர் அடியில் அத்தனை காய்கறியும் உட்கார்ந்திருப்பதை வேறு பார்த்துவிட்டார். "வாங்கி வச்சுட்டு எனக்குப் போடலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று பாக்கியத்தக்கா முற்றத்தில் நின்று தலையை அவிழ்த்துப் போட்டார். "ஒத்தப் பிள்ளை! ஒத்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதவ ஒருத்தியால எம் மக வாழ்க்கை போச்சே! நாளைக்கு அது சோத்தைப் பாத்தும் சொல்லிருச்சுன்னா? காம்பவுண்டே மண்ணைத் திங்கிறதா? ஏன்டி மரகதம், நீ பிள்ளையை வளர்க்குறியா, எங்களைக் கொல்லுறியா?"

மரகதத்துக்கு அந்தப் பயம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. சோறும் போய்விட்டால் எங்களுக்காவது கடை இருக்கிறது. பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

அப்போதுதான் செல்லச்சாமி மாமா வெற்றிலையை மென்றபடி எழுந்தார். பஸ்ஸில் செக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாண வீடுகளில் கோபித்துக்கொண்டு கிளம்பியவர்களை பஸ் ஏறுவதற்குள் மடக்கித் திருப்பிக் கொண்டுவருவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பாக்கியத்தக்காவின் மாப்பிள்ளையையும் அன்று சாயங்காலமே அவர்தான் போய்க் கூட்டிவந்து டிரான்ஸ்பார்மர் அடியிலேயே இலை போட்டுச் சாப்பிட வைத்தார். "அதுக கோவிச்சுக்கிட்டுத்தான இருக்குதுக," என்றார், வெளியே இருந்த காய்கறிகளைக் காட்டி. "முறைப்படி யாராவது போய்க் கூப்பிட்டமா? எத்தனை நாளாக் கூப்பிடாமயே திரும்பி வரும்னு உக்காந்திருக்கோம்?"

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மைதான், யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் வைத்து, மாமா முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம். ஜொகராக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பன்னீர்ச்செம்போடு வந்தார். வீரணன் தூக்கக் கண்ணோடு கைலியை மடித்துக் கட்டாமல் மரியாதையாக இறக்கிவிட்டு நின்றார். மாமா தொண்டையைக் கனைத்து, "சின்னப்பிள்ளை தெரியாமச் சொல்லிருச்சு, பெரியவுக பொறுத்துக்கணும்" என்று ஆரம்பித்து, "முருங்கைக்காய் அவுகளே, கேரட் அவுகளே, கத்தரிக்காய் அவுகளே..." என்று பேர் சொல்லி அழைத்துக்கொண்டே போனார்.

பாதியில் நிறுத்தினார். முதலில் அவமானப்பட்டது கத்தரிக்காய். முதலில் பேர் சொல்லியது முருங்கைக்காயை. எத்தனை கல்யாணத்தில் இதே தப்புக்காக மண்டை உடைந்திருக்கிறது, அதை எத்தனை தடவை அவரே ஒட்டவைத்திருக்கிறார்! கத்தரிக்காய்கள் எழுந்தன. சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சுவர் ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தன. கத்தரிக்காய்க்கு எது முதுகு என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் காட்டியது முதுகுதான்.

அன்று மத்தியானம் மரகதம் கிண்ணத்தோடு பிள்ளையைத் துரத்தினாள். காக்காயைக் காட்டவில்லை, பூனையைக் காட்டவில்லை. மடியில் போட்டு அழுத்திக்கொண்டு, அன்று புதிதாக வாங்கிய, இன்னும் போகாத அரைக்கீரையைப் பிசைந்த சோற்றை, "முழுங்கு. முழுங்குடி. எல்லாரும் என்னைத்தான் பேசுறாங்க, முழுங்கு" என்று விரலால் தள்ளினாள். பிள்ளை இருமியது, திமிறியது, கண்ணிலும் மூக்கிலும் பச்சை வழிந்தது. நாங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். போய்ப் பிடுங்கியிருக்கலாம். கீரை உள்ளே போய்விட்டால் நல்லதுதானே என்றும் இருந்தது.

பூவிழி சோற்றைப் பார்க்கவில்லை. கீரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, "நீ போ" என்றாள்.

மரகதம் எழுந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், துடைக்கும்போதே அவள் கால் நகர ஆரம்பித்துவிட்டது. குழாயடியைத் தாண்டி, படியைத் தாண்டி, சந்தின் குறுக்கே நடந்து, எதிர்ச்சுவர் ஓரமாகக் கத்தரிக்காய்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, தான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று புரியாதவளைப் போல எங்களைப் பார்த்தாள்.

வீரணன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். படிவரை வந்தாள். படியில் அவள் கால் வழுக்கி வழுக்கித் திரும்பியது, தண்ணீரில் எண்ணெயைக் கலக்கப் பார்ப்பதைப் போல. "நானா மாட்டேங்கிறேன்?" என்று அழுதாள். "காலு கேக்க மாட்டேங்குதே!" செல்லச்சாமி மாமா தாம்பாளத்தை எடுத்தார், யாரை முன்னால் சொல்வது யாரைப் பின்னால் சொல்வது என்று குழம்பி, கீழே வைத்தார்.

உள்ளே பூவிழி வாயை மூடிக்கொண்டாள். ஜொகராக்கா தயிர்ச்சோறு பிசைந்து போனார். பாக்கியத்தக்கா பால் கொண்டு போனார், சர்க்கரையும் போட்டு. அவர் புருசன் கூப்பிடாமலே வந்து பல்லைக் காட்டினார். பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பயந்து மொத்த வாயையும் சாத்திவிட்டது. உதடு காய்ந்தது. படியில் உட்கார்ந்து, சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே இருட்டி, அப்படியே விடிந்தது.

வீரணன் கடையிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தை மரகதம் பிரிக்கவில்லை. "பிள்ளை வாயே தொறக்கலையே, எனக்கு எப்படி எறங்கும்?"

வெயில் ஏறியபோது உட்கார்ந்தபடியே சரிந்தாள். ஜொகராக்கா மூன்று செங்கலை வைத்து அடுப்பு மூட்டினார். "ஒரு வாய் கடுங்காப்பியாவது குடி. நீயும் விழுந்துட்டா உம் பிள்ளையை யாரு பாப்பா? நாங்களா? நாங்க பாத்த லட்சணந்தான் தெரியுதே."

காப்பித்தண்ணீர் கொதித்து இறங்கிய பிறகு கங்கு மிஞ்சியிருந்தது. அப்போது கத்தரிக்காய்களில் ஒன்று, கறுப்பும் ஊதாவுமாக நல்ல உருண்டையான ஒன்று, மெதுவாக உருண்டு வந்து, யாரும் கூப்பிடாமல், பேர் சொல்லாமல், தானாகக் கங்கின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தோல் சுருங்கியது. புகை வந்தது. ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

மரகதம் அதைப் பார்த்துப் பயந்தாள். வந்து விழுந்ததை வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத் தெரியும். குச்சியால் தள்ளி எடுத்து, ஊதி ஊதித் தோலை உரித்து, ஜொகராக்கா நீட்டிய உப்பைத் தொட்டு, சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டப்பகலில், தெருவைப் பார்த்தபடி ஒரு வாய் தின்றாள்.

படியிலிருந்து ஒரு குரல் வந்தது. நேற்றிலிருந்து பேசாத குரல், கரகரவென்று.

"அம்மா, நீ சாப்பிடுவியா?"

எங்களில் சிலர் சிரித்தோம். பிறகு சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். ஏனென்றால் மரகதம் சாப்பிட்டு நாங்களும் பார்த்ததில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தோம், அவள் ஊட்டுவது ஞாபகம் இருந்தது, கிண்ணத்தைக் கழுவுவது ஞாபகம் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. பாக்கியத்தக்காவின் புருசன் பாக்கியத்தக்காவைத் திரும்பிப் பார்த்தார். பெண்டாட்டி சாப்பிட்டதை அவரும் யோசித்துப் பார்த்து, கிடைக்காமல், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வீரணன் கையிலிருந்த பொட்டலத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுவேனே," என்றாள் மரகதம். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று சந்தேகப்பட்டவளைப் போல, "நீ தூங்குனதும்... அடுப்படில..." என்று இழுத்தாள்.

"அது என்னா?"

"கத்தரிக்கா."

"எப்புடி இருக்கு?"

மரகதம் மென்றாள். இத்தனை வருசமாக அவள் கத்தரிக்காய் சமைத்திருக்கிறாள், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்திருக்கிறாள், காரம் பார்த்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவள் முகத்தில் நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு குழப்பம் வந்தது.

"தெரியலையே," என்றாள். "இரு, இன்னொரு வாய் பாத்துட்டுச் சொல்றேன்."

இன்னொரு வாய் தின்றாள். பூவிழி படியிலிருந்து இறங்கினாள். சந்தின் குறுக்கே நடந்து, கேரட்டையும் முட்டையையும் மிதித்துவிடாமல் சுற்றி, அம்மாவுக்கு எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் வாயையே பார்த்தாள். சினிமா பார்ப்பதைப் போலப் பார்த்தாள். மரகதம் ஊட்டவில்லை, அவள் கை அந்தப் பக்கம் போகவே பயந்தது. தானே தின்றாள். பிள்ளை கையை நீட்டி, அம்மாவின் விரலில் ஒட்டியிருந்ததில் ஒரு துளியை வழித்து, நாக்கு நுனியில் வைத்தது.

முகத்தைச் சுளித்தது. செல்லச்சாமி மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"புகை நாத்தம்," என்றது. கொஞ்ச நேரம் வாய்க்குள் அங்குட்டும் இங்குட்டுமாக உருட்டிக்கொண்டிருந்தது. விழுங்கியது. "உனக்கும் புகை நாத்தமா இருக்கா?"

"ஆமா," என்றாள் மரகதம். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா நல்லாவும் இருக்கு. என்னன்னு தெரியலை."

"உள்ள உக்காந்து தின்னு பாப்பமா?"

பிள்ளை எழுந்து, கரி பிடித்த அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. மரகதம் பாதி உரித்த கத்தரிக்காயை மறுகையில் ஏந்திக்கொண்டு பின்னால் போனாள். படியில் அவள் கால் வழுக்கவில்லை. நாங்கள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றவை எப்போது கிளம்பின என்று கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது எதிர்ச்சுவர் ஓரமும் டிரான்ஸ்பார்மர் அடியும் காலியாக இருந்தன, எங்கள் கூடைகள் கனத்திருந்தன, பூனைகள் குழாயடியில் படுத்திருந்தன.

எல்லாம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புடலங்காய் வரவில்லை. அது போனதே எங்களுக்குத் தெரியாது, பூவிழி அதைச் சொல்லவும் இல்லை என்கிறாள். யார் சொன்னது, எப்போது, எதற்கு என்று ஒருவரை ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது எங்கள் காம்பவுண்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரே குழப்பம்: எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறார்கள், பரிமாற ஆள் இல்லை, செல்லச்சாமி மாமா ரசத்துக்காக எழுந்தால் பாக்கியத்தக்கா மோருக்காக எழுந்து முட்டிக்கொள்கிறார்கள், வீரணன் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து உட்கார்ந்து சோற்றை வீசப் பார்க்கிறார். பூவிழி இன்றைக்கும் கடுகை எடுத்து வெளியே வைக்கிறாள். கீரையை ஒரு நாள் தின்கிறாள், ஒரு நாள் நகர்த்தி வைக்கிறாள், நகர்த்தி வைத்ததை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதுவும் தட்டு ஓரத்திலேயே இருந்துகொள்கிறது.

ஆனால் ஒவ்வொரு வேளையும், வாயில் வைப்பதற்கு முன்னால், அவள் அம்மா பக்கம் திரும்பி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். மரகதம் மென்றுகொண்டே மேலே பார்க்கிறாள். இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"இரு," என்கிறாள். "இன்னொரு வாய் பாத்துட்டுச் சொல்றேன்."